வீடு பிரிகிறபோது ஓடு மாற்றுவது யார்?

கும்பகோணத்துப் பக்கம் எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீடு ஒன்று இருந்தது. நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வீட்டுக்குப் பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியது. பேச்சு முடியச் சரியாக மூன்று வருடம் ஆயிற்று. அந்த மூன்று வருடத்தில் வீட்டுக்கு ஓர் ஓடு கூட மாற்றவில்லை. "யார் பங்குக்கு வரப்போகிறதோ, அவர்கள் மாற்றிக்கொள்ளட்டும்" என்று பெரியப்பாவும் சொன்னார், சித்தப்பாவும் சொன்னார். அதே சமயம் கொல்லையில் நின்ற பலா மரம் ஒன்று ஒரு நாள் காலை காணாமல் போயிருந்தது. பிரிவினைக்கு முன்பே அதை விலை பேசி வெட்டிக் கொடுத்துவிட்டார் பெரியப்பா. ஒழுகுகிற அறையில் படுத்திருந்தவள் பாட்டி. ஐப்பசி மழையில் கட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இழுத்துக்கொண்டே மூன்று மழைக்காலத்தை ஓட்டினாள்.

இந்த வீட்டுக் கதையை எதற்குச் சொல்கிறேன் என்றால், நாம் வாழும் தில்லி மாநகராட்சி கடந்த சில ஆண்டுகளில் ஒரு முறை பிரிந்து மறுபடி ஒரு முறை சேர்ந்திருக்கிறது. நம் அன்பர்கள் ஏராளமாக வசிக்கும் பெங்களூரிலும் 2025-இல் மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்திருக்கிறது. உள்ளாட்சிகளைப் பிரிப்பதும் சேர்ப்பதும் அரசியல்வாதிகள் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. அப்படிப்பட்ட இடைக்காலத்தில் பெரிய செலவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எவ்வளவு வரை இருக்கிறது என்பதுதான் நம் வாசலில் ஓடும் சாக்கடையைத் தீர்மானிக்கிறது. முப்பத்தேழு வருடம் ரயில்வேயில் சிமெண்டும் செங்கல்லும் எஸ்டிமேட்டுமாகக் காலம் தள்ளியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு விதமான செலவு

முதலில் ஒரு விளக்கம். எந்த அலுவலகத்திலும் செலவு இரண்டு வகை. சம்பளம், மின்சாரக் கட்டணம், பினாயில், துடைப்பம் போன்றவை நடப்புச் செலவு. பள்ளிக் கட்டடம், பாலம், வடிகால், குப்பை பதப்படுத்தும் நிலையம் போன்றவை மூலதனச் செலவு. நடப்புச் செலவு இந்த வருடத்தோடு முடிந்துவிடும். மூலதனச் செலவு அப்படியல்ல. இன்று கையெழுத்துப் போடுகிறவர் ஒருவராக இருப்பார், மூன்று வருடம் கழித்துக் கடைசி பில்லுக்குப் பணம் கொடுக்கிறவர் வேறொருவராக இருப்பார், அதற்குப் பிறகு முப்பது வருடம் பராமரிக்கிறவர் இன்னொருவராக இருப்பார்.

ஆகவே ஓர் உள்ளாட்சி கலையப் போகிறது என்று தெரிந்தவுடன் இரண்டு ஆபத்துகள் வரும். ஒன்று பலா மர ஆபத்து. போகிறவர்கள் இருக்கிற கையிருப்பைத் தங்களுக்குப் பிடித்த வேலையில் கொட்டிவிட்டு, கடனை வருகிறவர்கள் தலையில் கட்டிவிடலாம். மற்றொன்று ஓடு ஆபத்து. எதற்கும் பொறுப்பேற்காமல் எல்லாக் கோப்பையும் அப்படியே அடுக்கி வைத்துவிடலாம். முதல் ஆபத்தைத் தடுக்கத்தான் செலவுக்கு உச்சவரம்பு வைக்கிறார்கள். அந்த வரம்பைச் சரியாக வகுக்காவிட்டால் இரண்டாவது ஆபத்து தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இங்கிலாந்தில் என்ன செய்தார்கள்?

இந்த விஷயத்தில் இங்கிலாந்துக்காரர்களுக்கு நிறைய அனுபவம் உண்டு. 1972-ஆம் வருடச் சட்டத்தின்படி 1974 ஏப்ரல் 1-ஆம் தேதி அங்கே உள்ளாட்சிகள் பெருமளவில் மாற்றி அமைக்கப்பட்டன. கலையப்போகிறோம் என்று தெரிந்த பல சிறு நகர சபைகள், தங்கள் பணம் பெரிய சபையின் பெட்டிக்குப் போவதற்குள் நம் ஊருக்கு ஏதாவது செய்துவிடுவோம் என்று நீச்சல் குளங்களும் விளையாட்டு மையங்களும் கட்டின. ஊர் மக்களுக்கு அது லாபம்தான். பராமரிப்புச் செலவு மட்டும் பின்னால் வந்தவர்கள் கணக்கில் ஏறியது.

பிற்காலத்தில் 2007-ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் ஒன்றில் இதற்கு வரம்பு கட்டினார்கள். அந்தச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி அமைச்சர் உத்தரவிட்டால், கலையப் போகும் சபை, வாரிசாக வரப்போகும் சபையின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் மூன்று காரியங்களைச் செய்ய முடியாது. 1 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட நிலத்தை விற்கக் கூடாது. 10 லட்சம் பவுனுக்கு மேற்பட்ட மூலதன ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது. 1 லட்சம் பவுனுக்கு மேற்பட்டு, நீண்ட காலத்துக்கு நீடிக்கும் மற்ற ஒப்பந்தங்களும் செய்யக் கூடாது. மீறிச் செய்த ஒப்பந்தம் புதிய சபையைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தக்காரர் பணத்துக்கு அலைய வேண்டியதுதான். ஒரே வேலையைத் துண்டு துண்டாக வெட்டி வரம்புக்குள் நுழைக்கவும் வழியில்லை, ஒரே மாதிரியான ஒப்பந்தங்களைக் கூட்டித்தான் கணக்குப் பார்ப்பார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த அம்சம் வேறு. வரம்பு வைத்த அதே சட்டத்தில் சம்மதம் கொடுப்பவர் யார் என்பதையும் எழுதி வைத்துவிட்டார்கள். அத்துடன், இன்ன வகை வேலைகளுக்கு ஒவ்வொரு தடவையும் கேட்க வேண்டாம் என்று பொதுச் சம்மதம் கொடுத்துவிடவும் இடம் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் சாமர்செட் என்ற மாவட்டத்தில் நான்கு வட்ட சபைகள் கலைந்து ஒரே சபையாகச் சேர்ந்தன. அங்கும் இந்த ஏற்பாடு இருந்தது. 2025 பிப்ரவரி முதல் இங்கிலாந்தின் எஞ்சிய இரட்டை அடுக்கு மாவட்டங்களும் இதே மாற்றத்துக்குத் தயாராகும்படி கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளன. அங்கும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. "எங்கள் ஊர்ப் பணத்துக்கு வேறொருவர் சம்மதமா?" என்று கேட்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நான் செய்த பிழை

எந்தக் கதவு என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்திருக்கிறேன். ரயில்வேயில் ஒன்பது மண்டலங்களாக இருந்ததைப் பதினாறாக்கினார்கள். 2002 அக்டோபர் 1-இல் இரண்டு புதிய மண்டலங்களும், 2003 ஏப்ரல் 1-இல் ஐந்தும் வேலையைத் தொடங்கின. நான் அப்போது ஒரு கோட்டத்தில் வொர்க்ஸ் பிரிவில் செக்ஷன் எஞ்சினியர். எங்கள் கோட்டம் ஒரு மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிற பட்டியலில் இருந்தது.

என் பொறுப்பில் இருந்த ரயில்வே காலனி ஒன்றில் மழை நீர் வடிகால் பழுதாகி வருடக்கணக்காயிற்று. கேங்மேன்களும் பாயிண்ட்ஸ்மேன்களும் குடியிருந்த கீழ் வரிசை வீடுகளில் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே வரும். புதிய வடிகாலுக்கு எஸ்டிமேட் போட்டு, லெவல் எடுத்து, வரைபடம் தயாரித்து அனுப்பியிருந்தேன். 2002 இறுதியில் கோப்பு திரும்பி வந்தது. "கோட்டம் மாற இருப்பதால் புதிய பொறுப்பு எதையும் ஏற்பதற்கில்லை" என்று குறிப்பு. சரி, புதிய மண்டலத்துக்கு எழுதிக் கேட்டோம். "கோட்டம் இன்னும் எங்களிடம் வரவில்லை, ஏப்ரலுக்குப் பிறகு பார்க்கலாம்" என்று பதில். இரண்டும் விதிப்படி சரியான பதில்கள். இரண்டு கடிதத்தையும் ஒரே கோப்பில் நூல் கட்டி வைத்தேன்.

ஏப்ரலும் வந்தது. புதிய அலுவலகத்தில் மேஜை நாற்காலி வந்து சேரவே மாதங்கள் ஆயின. மழைக்கு முன் ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதைப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். ஒரே வடிகாலை மூன்று சிறு வேலைகளாக வெட்டினேன். ஒவ்வொன்றும் உள்ளூர் அதிகாரியே அனுமதிக்கக்கூடிய தொகைக்குள் வருமாறு பார்த்துக்கொண்டேன். மூன்று ஒப்பந்தக்காரர்கள், மூன்று தேதி, மூன்று அளவுப் புத்தகம். மேல் பகுதி முடிந்தது, கீழ் பகுதி முடிந்தது, நடுப்பகுதிக்காரர் பாதியில் விட்டுப் போனார். மூன்றையும் இணைத்தபோது நடுவில் வாட்டம் தப்பிவிட்டது. தண்ணீர் வடிகாலில் ஓடாமல் வடிகாலிலேயே நின்றது. அந்த ஜூலையில் கீழ் வரிசையில் பதினொரு வீடுகளில் மஞ்சள் காமாலை. நின்ற தண்ணீர் குடிநீர்க் குழாயின் உடைந்த மூட்டு வழியே உள்ளே போயிருந்தது.

உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரு கேங்மேனின் மனைவி, ஆறு மாதக் கர்ப்பிணி, இருபது நாள் ரயில்வே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்கப் போனபோது அந்தக் கேங்மேன் என்னைக் குறை சொல்லவில்லை. "சாப், காம் தோ ஆப்னே ஹீ கராயா தா" என்று மட்டும் சொன்னான். வேலையைச் செய்ய வைத்தவர் நீங்கள்தானே என்று அர்த்தம். நன்றியாகச் சொன்னானா வேறு விதமாகச் சொன்னானா என்று எனக்கு இன்று வரை தெரியாது. மறு வருடம் ஆடிட்காரர்கள் வந்து, ஒரே வேலையை ஏன் மூன்றாகப் பிரித்தீர்கள் என்று விளக்கம் கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான். முழு வடிகால் அதற்கும் இரண்டு வருடம் கழித்துத்தான் ஒழுங்காகக் கட்டப்பட்டது, என்னுடைய பழைய லெவல் கணக்கின்படியே.

நம் தில்லிக்கு வருவோம்

1957-ஆம் வருடச் சட்டப்படி, 1958 ஏப்ரல் 7-ஆம் தேதி தில்லி மாநகராட்சி பிறந்தது. 2012-இல் அதை வடக்கு, தெற்கு, கிழக்கு என்று மூன்றாக்கினார்கள். மொத்தம் 272 வார்டுகளில் வடக்குக்கு 104, தெற்குக்கு 104, கிழக்குக்கு 64. நிர்வாகம் மக்களுக்கு அருகில் வரும் என்பது சொல்லப்பட்ட காரணம். ஆனால் வரி வருமானம் வார்டு கணக்கில் பிரியாதே! பெரிய வணிகப் பகுதிகளும் வசதியான காலனிகளும் தெற்கில் இருந்தன. யமுனைக்கு அக்கரையில் இருந்த கிழக்குக்கு வருமானம் குறைவு, பொறுப்பு மட்டும் குறையவில்லை. மயூர் விஹார் பக்கம் இருக்கும் நம் அன்பர்களுக்கு 2015 முதல் 2017 வரை நடந்த துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தங்கள் நினைவிருக்கும். மாதக்கணக்கில் சம்பளம் வராதவர்கள் என்ன செய்வார்கள்? குப்பை தெருவில் குவிந்தது. மின்டோ ரோட்டில் இருக்கும் சிவிக் சென்டர் கட்டடத்துக்கு வடக்கு சொந்தக்காரர், தெற்கு குடித்தனக்காரர் என்றாகி, வாடகை பாக்கிக்காக அண்ணன் தம்பி தகராறும் நடந்தது.

2022-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி மூன்றையும் மறுபடி ஒன்றாக்கியது. மே 22-ஆம் தேதி முதல் ஒரே மாநகராட்சி. தேர்தல் நடக்கும் வரை சபையின் அதிகாரங்கள் அனைத்தையும் ஒரு சிறப்பு அதிகாரி வகித்தார். 250 வார்டுகளுக்கு டிசம்பர் 4-ஆம் தேதி தேர்தல் நடந்தது. மேயர் தேர்தலுக்காக மூன்று முறை சபை கூடிக் கலைந்து, உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 பிப்ரவரி 22-இல்தான் மேயர் வந்தார்.

இதற்குப் பிறகுதான் நம் கதையின் முக்கியமான கட்டம். அப்போதைய ஏற்பாட்டின்படி கமிஷனர் தம் பொறுப்பில் 5 கோடி ரூபாய் வரையிலான ஒப்பந்தத்துக்குத்தான் அனுமதி தரலாம். அதற்கு மேல் போனால் நிலைக்குழு, அதாவது ஸ்டாண்டிங் கமிட்டி, சம்மதிக்க வேண்டும். பதினெட்டு பேர் கொண்டது அந்தக் குழு. ஆறு பேரைச் சபை தேர்ந்தெடுக்க வேண்டும், பன்னிரண்டு பேர் மண்டலக் குழுக்களிலிருந்து வர வேண்டும். நியமன உறுப்பினர்களை நியமிக்கும் உரிமை யாருக்கு என்ற வழக்கு 2024 ஆகஸ்டில் முடிந்தது. அதன் பிறகும் இழுபறி நீடித்தது. குழுவுக்குத் தலைவர் வந்து அது செயல்படத் தொடங்கியது 2025 ஜூனில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சபை வந்து இரண்டேகால் வருடத்துக்கும் மேலாக, 5 கோடிக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு உரிய கதவே திறக்கவில்லை. மேயர் இருந்தார், கமிஷனர் இருந்தார், 250 கவுன்சிலர்கள் இருந்தார்கள். வரம்பும் இருந்தது. வரம்புக்கு மேல் சம்மதம் கொடுக்க வேண்டிய குழு மட்டும் இல்லை. எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தவறு என்பது என் விவாதம் அல்ல. நம் சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், அதை அவர்கள் காபி நேரத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

5 கோடி என்றால் நம் போன்றவர்களுக்குப் பெரிய தொகை. இவ்வளவு பெரிய மாநகராட்சிக்கு அது ஒரு பேட்டைச் சாலை வேலை. காஜிபூர் குப்பை மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1984-இல் குப்பை கொட்டத் தொடங்கிய இடம். 2002-லேயே நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகும் கொட்டிக்கொண்டே இருந்தார்கள். 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி ஒரு பகுதி சரிந்து, பக்கத்துச் சாலையில் போனவர்களையும் வாகனங்களையும் கால்வாயில் தள்ளியது. இரண்டு பேர் இறந்தார்கள். அந்த மலையைச் சலித்துக் கரைக்கிற வேலை 5 கோடிக்குள் அடங்குமா? நிலைக்குழு இல்லாத காலத்தில் குப்பை மலைகள் தொடர்பான அடுத்த கட்ட ஒப்பந்தங்களும் தேங்கிய கோப்புகளில் அடக்கம் என்று பத்திரிகைகளில் படித்தோம். எங்கள் பிளாட்டில் மேல் மாடி மாமி கோடையில் மேற்குக் காற்று வேண்டும் என்று வேண்டிக்கொள்வார். கிழக்கிலிருந்து அடித்தால் காஜிபூர் வீட்டுக்குள் வந்துவிடும்.

பெங்களூரின் 110 கிராமங்கள்

சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் உண்மையல்ல. 2007-இல் பெங்களூரில் ஏழு நகர சபைகள், ஒரு டவுன் சபை, 110 கிராமங்கள் இவற்றையெல்லாம் பழைய மாநகராட்சியோடு சேர்த்துப் பெரிய மாநகராட்சி ஆக்கினார்கள். பெயர்ப் பலகை ஒரே நாளில் மாறியது. அந்த 110 கிராமங்களுக்குக் காவிரித் தண்ணீர் கொண்டுவரும் ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். இடையில் பதினேழு வருடம், ஆழ்குழாய்க் கிணறும் டேங்கர் லாரியும். அங்கே வீடு வாங்கிய நம் பிள்ளைகளைக் கேட்டால் லாரித் தண்ணீரின் விலையைச் சொல்வார்கள்.

அந்த மாநகராட்சியைத்தான் 2025 செப்டம்பர் 2 முதல் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று ஐந்தாக்கியிருக்கிறார்கள். பாதியில் நிற்கும் பாலங்கள் யார் கணக்கில், பழைய கடன் எந்த விகிதத்தில், புதிய ஒப்பந்தத்துக்கு எவ்வளவு வரை யார் கையெழுத்து என்ற கேள்விகள் அங்கேயும் எழத்தான் செய்யும். தில்லியின் கிழக்குப் பகுதி பட்ட பாட்டைப் பெங்களூர் அன்பர்கள் ஒரு தடவை படித்து வைத்துக்கொள்வது நல்லது.

நாம் என்ன செய்யலாம்?

பிழைப்புக்காக வந்த ஊர், நமக்கு இங்கே என்ன குரல் என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். வீட்டு வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், இங்கேயே பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் போனால் பின் வரிசையில் உட்காராமல் நான்கு கேள்விகள் கேட்கலாம்.

முதலாவது, நம் காலனி சம்பந்தப்பட்ட வேலை மதிப்பீட்டில் எவ்வளவு? அது யாருடைய அதிகார வரம்பில் வருகிறது?

இரண்டாவது, வரம்புக்கு மேல் என்றால் சம்மதம் தர வேண்டிய குழு இன்று உயிரோடு இருக்கிறதா? கடைசியாக எப்போது கூடியது?

மூன்றாவது, ஒரே வேலையை மூன்றாக வெட்டிச் செய்கிறார்களா? அப்படியானால் மூன்றையும் இணைக்கும் பொறுப்பு எந்த எஞ்சினியருக்கு? இந்தக் கேள்வியை என் சார்பில் கொஞ்சம் அழுத்திக் கேளுங்கள்.

நான்காவது, சபை மாறினாலும் நிற்கக் கூடாத அவசர வேலைகள் எவை என்ற பட்டியல் எழுத்தில் இருக்கிறதா?

பதில் வாயால் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்கலாம். இந்தி எழுதத் தயங்குகிறவர்கள் ஆங்கிலத்தில் எழுதலாம். நம் சங்கத்தில் ஓய்வு பெற்ற அரசு அலுவலர்களுக்குப் பஞ்சமே இல்லை. நோட் எழுதி எழுதியே கை தேய்ந்தவர்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பத்துக் குடும்பங்களுக்கு மனு எழுதித் தரலாம். நான் வரத் தயார்.

பாகப்பிரிவினைப் பத்திரம் ஒரு வழியாகப் பதிவான பிறகு, சித்தப்பா தம் பங்கில் முதல் வேலையாக ஓடு மாற்றினார். நல்ல மங்களூர் ஓடு. அப்போது பாட்டி இல்லை. முந்தைய கார்த்திகையிலேயே போய்விட்டாள். ஒழுகல் தண்ணீரைப் பிடிக்க அவள் கட்டிலடியில் வைத்திருந்த பித்தளைத் தவலை மட்டும் எந்தப் பங்கிலும் எழுதப்படாமல், வெகு நாள் திண்ணையிலேயே கிடந்தது.